மொன்றியல்: ஒரு நகரும் இரு மொழிகளும்

கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மொன்றியல் நகரைக் காணச் செல்வோர் முதலில் அதன் ஐரோப்பியச் சாயலையே கண்டு வியப்பர். சென் லோரன்ஸ் நதியோரத்துப் பழைய நகரின் கல் பரவிய ஒடுங்கிய வீதிகளும், சாம்பல் நிறக் கற்கட்டடங்களும், நொத்ர தாம் பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களும் வட அமெரிக்க மண்ணில் ஒரு பிரெஞ்சு நகரையே கண்முன் நிறுத்துகின்றன. ஆயினும் இவ்வழகை அமைதியானதொரு மரபின் எச்சமெனக் கொள்வது பொருந்தாது. இரு மொழியினர் முரண்பட்டும் விட்டுக்கொடுத்தும் வாழ்ந்ததன் விளைவே இந்நகரம் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1535 இல் ஜாக் கார்த்தியே இங்கு வந்தபோது, ஒசலகா எனும் சுதேச மக்களின் ஊர் இத்தீவில் இருந்தது. பிரெஞ்சுக்காரரின் நிரந்தரக் குடியேற்றம் 1642 இல் மெசொன்னேவின் தலைமையில், வில் மரி என்ற பெயரில், சமயப் பணியை நோக்கமாகக் கொண்டு எழுந்தது. விலங்குத் தோல் வாணிகமே பின்னர் அதனை வளர்த்தது. 1760 இல் நகரம் பிரித்தானியரிடம் சரணடைந்தது. வென்றவர் 1774 இல் இயற்றிய கியூபெக் சட்டம் கத்தோலிக்க சமயத்தையும் பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தையும் நிலைக்க விட்டது. இதனைப் பெருந்தன்மை என்று மட்டும் கூறுவதற்கில்லை. தெற்கேயிருந்த அமெரிக்கக் குடியேற்றங்கள் கொந்தளித்த வேளையில், பிரெஞ்சு மக்களின் விசுவாசம் ஆட்சியாளருக்குத் தேவைப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வணிகமும் வங்கிகளும் ஸ்கொத்லாந்து, ஆங்கில முதலாளிகளின் கைக்கு மாறின. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் நகர மக்களுட் பெரும்பாலோர் ஆங்கிலம் பேசுவோராயிருந்தனர். பிரெஞ்சுக் கத்தோலிக்கத்தின் சின்னமாகக் கருதப்படும் நொத்ர தாம் ஆலயத்தையே 1824 இல் தொடங்கிக் கட்டியவர் ஜேம்ஸ் ஓடொனல் எனும் ஐரிஷ் புரட்டஸ்தாந்தர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. அவர் மரணத் தறுவாயிற் கத்தோலிக்கராகி, அவ்வாலயத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். எனினும் இத்தகைய கலப்பு பகைமையைத் தணித்துவிடவில்லை. முந்திய கிளர்ச்சியின்போது சொத்திழந்தோருக்கு நட்டஈடு வழங்கும் மசோதாவை எதிர்த்த ஆங்கிலக் கும்பலொன்று 1849 இல் இந்நகரிலிருந்த பாராளுமன்றத்துக்கே தீ வைத்தது.

ஆலைத் தொழிலை நாடிக் கிராமங்களிலிருந்து வந்தோரால் பிரெஞ்சு மக்கள் மீண்டும் பெரும்பான்மையினராயினர். பொருளாதாரம் மட்டும் ஆங்கிலத்தின் வசமே இருந்தது. கிழக்கே பிரெஞ்சும் மேற்கே ஆங்கிலமும் கோலோச்ச, நடுவேயிருந்த சென் லோரான் வீதியை அண்டி யூதரும் இத்தாலியரும் போர்த்துக்கேயரும் பிறரும் குடியேறினர். இன்று பயணிகள் விரும்பிச் செல்லும் பல்லினக் கடைவீதி இதுவே. குடியேறியோர் பலர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கே அனுப்பினர். உத்தியோகம் தரும் மொழி அதுவன்றோ! தம் சொந்த நகரிலேயே தம் மொழி தேய்ந்துவிடுமெனப் பிரெஞ்சு மக்கள் அஞ்சினர். 1969 இல் சென் லெயொனார் பகுதியில் இத்தாலியப் பிள்ளைகளின் போதனாமொழி குறித்து எழுந்த தகராறு கலவரமாயிற்று. 1970 இல் தீவிரவாதிகளாற் கடத்தப்பட்ட மாகாண அமைச்சர் பியேர் லபோர்த் கொலையுண்டார். ஈற்றில், 1977 இல் 101 ஆம் இலக்கச் சட்டம் பிரெஞ்சை அரச கருமத்துக்கும் தொழிலகத்துக்கும் உரிய மொழியாக்கியதுடன், புதிதாகக் குடியேறுவோரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிகளுக்குத் திருப்பியது.

இதனை வாசிக்கும் எமக்கு 1956 நினைவுக்கு வராதிருக்க முடியாது. இரு சட்டங்களும் தன் பகுதியிற் பெரும்பான்மையாயிருந்தும் தன்னைச் சூழப் பெரியதொரு மொழியைக் கண்டு அஞ்சிய மக்களின் பெயரால் வந்தவையே. ஆனால் வேறுபாடு பெரிது. கியூபெக்கிலே ஆங்கிலப் பள்ளிகள் மூடப்படவில்லை. 1969 இன் கனடியச் சட்டம் மத்திய அரசில் இரு மொழிகளுக்கும் சம உரிமை அளித்திருந்தது. விளம்பரப் பலகைகளிற் பிரெஞ்சு மட்டும் என்ற விதியை 1988 இல் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. அங்கு பெரும்பான்மையின் அச்சத்துக்கு மேலும் ஒரு வரம்பு இருந்தது. இங்கு அத்தகைய வரம்பு இருக்கவில்லை. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென அரசியலமைப்பு கூறுவதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மொன்றியலும் இழப்பின்றித் தப்பவில்லை. ஆங்கிலம் பேசுவோர் பலரும் பெரு நிறுவனங்கள் சிலவும் ரொறொன்ரோவுக்குப் பெயர்ந்தனர்.

எண்பதுகளில் எம்மவரும் அகதிகளாய் அந்நகரை அடைந்தனர். அவர்தம் பிள்ளைகள் அதே சட்டத்தின்படி பிரெஞ்சு கற்றனர். தமிழைக் காக்கும் பொறுப்பு வீட்டுக்கும் கோயிலுக்கும் உரியதாயிற்று. மொழியுரிமை மறுக்கப்பட்ட நாட்டிலிருந்து சென்றோர், தன் மொழியைச் சட்டத்தாற் காக்கும் மற்றொரு சமூகத்திடம் புகலடைந்தமை வரலாற்றின் விந்தையே. அழகிய வீதிகளைக் காண்போர் அவற்றின் பின்னாலுள்ள இக்கணக்கையும் காண்பராயின், ஒரு நகரில் இரு மொழிகள் வாழ நல்லெண்ணம் மட்டும் போதாது, வலியோரையும் கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்பதை உணர்வர்.