தூணில் வெட்டிய தேதி: குரூசோவின் தனிமையும் இயன் வாட்டின் வாசிப்பும்

ராபின்சன் குரூசோவின் தனிமையை ஆய்வுலகம் பெரும்பாலும் இயன் வாட்டின் கண்வழியே பார்த்துப் பழகிவிட்டது. 1957இல் வெளிவந்த 'நாவலின் எழுச்சி'யில் அவர் சொல்வது இது: குரூசோவின் தனிமை பொருளாதாரத் தனிமனிதவாதத்தின் விளைவு, வீடும் உறவும் அவனைப் பிடித்து வைப்பதில்லை, நன்மை தீமைகளைக்கூட வரவு செலவாகவே எழுதுகிறான், அவனது சமயவுணர்வு கதையை நடத்தும் வலிமை அற்றது. முன்னவற்றை ஏற்கலாம். கடைசிக் கூற்றைத் தீவில் அவன் நட்ட தூண் மறுக்கிறது.

கரையேறிப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சிலுவை வடிவில் தூண் நட்டு, தான் வந்த நாள் 1659 செப்டம்பர் 30 என்று கத்தியால் வெட்டுகிறான். நாளுக்கு ஒரு கீறல்; ஏழாம் நாளுக்கு இரட்டை நீளம். ஓய்வுநாளும் வேலைநாளும் கலந்துவிடக் கூடாது என்பது அவனே சொல்லும் காரணங்களுள் ஒன்று. பின்னர் அந்த நீளக் கீறலை விட்டுவிடுகிறான் என்பது வாட்டுக்குச் சாதகமான சான்றுதான். ஆனால் காய்ச்சலும் மனமாற்றமும் வந்தபின், முதலாண்டு நிறைவில் நோன்பிருந்து, வாரங்களை மீண்டும் பிரிக்கிறான். அவன் நாட்கணக்கு தளர்வதும் திரும்புவதும் பக்தியோடு சேர்ந்தே நடக்கின்றன. பேரேடு எழுதுபவனுக்கு இந்த ஏற்ற இறக்கம் தேவையில்லை.

சிக்கல் ஆண்டில் இருக்கிறது. அவன் தீவை விட்டது 1686 டிசம்பர் 19. தூணின்படி கணக்கிட்டால் 27 ஆண்டு, 2 மாதம், 19 நாள். நாவலோ 28 ஆண்டு என்கிறது. 1659 வேறிடங்களிலும் வருவதால் அச்சுப்பிழை என்று தள்ளிவிட முடியாது. அதேவேளை, 1632இல் பிறந்த அவன், தன் பிறந்தநாளிலேயே, 26 ஆண்டுக்குப் பின் உயிர் தப்பியதாக எழுதுகிறான். அப்படியானால் கரையேறியது 1658; 28 ஆண்டும் சரியாக வரும். இரண்டில் எதை நாவலாசிரியர் டெஃபோ மனத்தில் கொண்டார் என்பது தீராத கேள்வி. ஒன்று மட்டும் வலியுறுத்தத் தக்கது: பிறந்தநாளும் கரைசேர்ந்த நாளும் ஒன்றாக வேண்டும் என்பதில் அவர் காட்டும் அக்கறை ஆண்டுக்கணக்கில் இல்லை. வீட்டைவிட்டு ஓடிய நாளிலேயே சிறைப்பட்டதாகவும் குரூசோ குறிக்கிறான். இவை இறைச்செயலின் தடம் தேடும் மனத்தின் தேதிகள். சான்று மெலிந்தது, ஆயினும் 'வணிகக் கணக்கு' என்ற விளக்கம் இதைவிட மெலிந்தது. ஆய்வாளர்கள் ஸ்டாரும் (1965) ஹன்டரும் (1966) இந்நாவலின் சமய மரபை விரிவாக நிறுவியுள்ளனர். தேதிகளை அம்மரபின் கருவியாகக் கொள்வது அவர்கள் வாதத்தின் நீட்சி.

நாவலின் 1719 முகப்புப் பக்கம் 28 ஆண்டும் முழுத் தனிமை என்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை என்ற துணைவன் ஏறக்குறைய 25ஆம் ஆண்டிலேயே வந்துவிடுகிறான். அடுத்த ஆண்டு வந்த மூன்றாம் பாகம் தனிமை பற்றிய கட்டுரையோடு தொடங்குகிறது. அங்கே குரூசோ, தீவின் 28 ஆண்டுகளைவிட லண்டன் கூட்டத்தில்தான் மெய்யான தனிமையை அனுபவிப்பதாகச் சொல்கிறான். பாலைவனம் தேடிய துறவிகளைக் குறைகூறுகிறான். இக்கட்டுரையை வாட்டும் எடுத்தாள்கிறார், தனிமனிதவாதத்துக்குச் சான்றாக. ஆனால் அது பேசுவது கடவுளை நினைக்க மனம் ஒதுங்கும் ஒதுக்கத்தை.

மாநகரக் கூட்டத்தில் தனித்திருத்தல் ஆங்கிலப் புனைவில் 1720இலேயே பேசப்பட்டுவிட்டது. அன்று அது ஆறுதல். 1864இல் தஸ்தயேவ்ஸ்கியின் நிலவறை மனிதனிடம் அது நோயாகிறது. இம்மாற்றத்தைச் சமயம் கழன்ற கதையாக மட்டும் சொல்லவும் தயங்க வேண்டும்: அந்நூலில் நம்பிக்கையின் தேவையைக் காட்டிய பகுதியைத் தணிக்கையாளர் வெட்டிவிட்டதாக அவ்வாண்டு மார்ச்சில் தஸ்தயேவ்ஸ்கி தம் அண்ணனுக்கு எழுதினார். பிந்தைய பதிப்புகளிலும் அவர் அதை மீட்கவில்லை.