எழுதியது ஒன்று, திரைக்கு வந்தது ஒன்று

1967ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஸ்டார் டிரெக்' தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பாயிற்று. விண்கலத்தின் மருத்துவர் தவறுதலாக மருந்தேற்றிக்கொண்டு மதி மயங்கி, காலவாயில் வழியே 1930ஆம் ஆண்டின் நியூயார்க்குக்குள் பாய்கிறார். வரலாறு தடம் புரள்கிறது. பின்தொடரும் தலைவர் கிர்க், அங்கே ஏழைகளுக்கு உணவளிக்கும் ஒரு நங்கையிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். அவள் விபத்தில் மாண்டால்தான் வரலாறு சீராகும். காப்பாற்ற ஓடும் மருத்துவரைக் கிர்க்கே தடுத்துவிடுகிறார்.

ஹார்லன் எல்லிசன் எழுதிய மூலம் இதுவன்று. அதில் வரலாற்றைக் குலைப்பவன் போதைப்பொருள் விற்றுக் கொலையும் செய்த பெக்வித் என்னும் கலப்பணியாளன். இறுதியில் கிர்க்கால் அவளைச் சாகவிட முடிவதில்லை. தடுப்பவர் தோழர் ஸ்பாக். தயாரிப்பாளர் ஜீன் ராடன்பரியின் குழுவினர் இதனைத் திருத்தி எழுதினர். தம் பெயரை நீக்கிப் புனைபெயரிட எல்லிசன் வேண்டினார், கிட்டவில்லை. 1968இல் எழுத்தாளர் சங்கம் மூலப்பிரதிக்கே பரிசளித்தது. ஒளிபரப்பான வடிவமோ ஹியூகோ விருது பெற்றது. முடிவை மட்டும் பார்த்தால் ஒளிபரப்பானதே நெஞ்சை உலுக்குகிறது என்போம். ஆயினும் ஒருவர் எழுத்தை அவர் மனம் ஒப்பாமல் மாற்றி, அவர் பெயரிலேயே வெளியிடுவது முறையாகுமா?

அதே 1967இல் நம் நாட்டில் நிகழ்ந்தது இதனினும் வருத்தந் தருவது. சத்யஜித் ராய், இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கை லண்டனில் சந்தித்துத் தம் எண்ணத்தைச் சொன்னார். கிளார்க்கின் நண்பர் மைக் வில்சன் கல்கத்தா வந்து தங்க, ராய் 'தி ஏலியன்' என்னும் திரைக்கதையை எழுதினார். வங்காளச் சிற்றூர்த் தாமரைக் குளத்தில் விண்கலம் இறங்குகிறது. நீருக்கு மேல் தெரியும் கூர்முனையை மூழ்கிய கோயிலென்று ஊரார் வணங்குகின்றனர். குளத்தை இறைத்துப் பளிங்கு பதிக்க ஒரு வணிகர் திட்டமிடுகிறார். விண்ணிலிருந்து வந்த சிற்றுயிரோ ஹாபா என்னும் ஏழைச் சிறுவனின் கனவில் புகுந்து விளையாடுகிறது. ஓரிரவில் நெல்லை விளையச் செய்கிறது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையைச் சார்ந்து வாழும் நமக்கு இக்காட்சியை மனத்தில் வரைவது எளிது.

கொலம்பியா நிறுவனம் படமெடுக்க முன்வந்தது. ஹாலிவுட் சென்ற ராய், படியெடுக்கப்பட்ட தம் திரைக்கதையின் உரிமையாளராக வில்சன் பெயரும் அச்சாகியிருக்கக் கண்டார். வணிகராக நடிக்க இருந்த பீட்டர் செல்லர்ஸ் பின்னர் விலகினார். படம் எடுக்கப்படவேயில்லை.

நம் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஒரு திருகாணியின் வரைபடத்தைத் திருத்தினாலும், திருத்த எண்ணும் தேதியும் கையொப்பமும் வேண்டும் என்பர். அமானிதமாக ஒப்படைத்த எழுத்துக்கு அந்தக் காவலும் இருக்கவில்லை. எல்லிசனுக்குச் சங்கம் இருந்தது. ராய்க்கு அங்கே யார் இருந்தார்?

1982இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளிவந்தபோது ஒற்றுமைகளை முதலில் சுட்டியவர் கிளார்க்கே. ஊர் ஊராய்ப் படியெடுத்துப் பரவிய தம் திரைக்கதை இன்றி அப்படம் உருவாகியிராது என்பது ராயின் கருத்து, ஸ்பீல்பெர்க் மறுத்தார். இருவர் மனத்தில் ஒரே எண்ணம் தோன்றக்கூடாதென்பதில்லை. ஆகவே நாம் தீர்ப்புச் சொல்லத் துணியோம். ராய் வழக்குத் தொடுக்கவில்லை.

எல்லிசன் தம் மூலப்பிரதியை நீண்ட முன்னுரையுடன் 1996இல் நூலாக்கி, வாசகரே ஒப்பிட வழிசெய்தார். ராயின் திரைக்கதை நூலில் இடம்பெற்றது 2018இல். அவர் மறைந்து அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.