தோள்பட்டைக் கறியும் கோர்ட்டு வாரமும்

அமெரிக்காவின் வட கரோலினா ராஜ்யத்தில், கடலை ஒட்டிய கீழ்த்திசைப் பிரதேசங்களில், முழுப் பன்றியைக் குழியின்மேல் கிடத்தி, இரவெல்லாம் தணலில் வாட்டி, விடிந்தபின் கறியைப் பிய்த்து வினிகரும் மிளகாயும் கலந்து உண்பது நெடுங்கால வழக்கம். ஊர் முழுவதும் கூடினாலன்றி அவ்வளவு கறியும் செலவாகாது. அண்டை ராஜ்யமான வர்ஜீனியாவிலும் இத்தகைய கூட்டங்களுக்குக் குறைவில்லை. 1769-இல் அலெக்ஸாண்ட்ரியாவில் நடந்த பார்பிக்யூ விருந்து ஒன்றுக்குச் சென்று இரவு தங்கியதை ஜார்ஜ் வாஷிங்டன் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அக்காலத் தென்னாட்டு விருந்துகளில் கண்விழித்துத் தணல் தள்ளியவர்களோ பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க வம்சத்தினர்; கீர்த்தி மட்டும் எஜமானர்களைச் சேர்ந்தது.

முழுப் பன்றியை விட்டுத் தோள்பட்டையை மட்டும் வாட்டும் சம்பிரதாயத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, அதே ராஜ்யத்தின் உள்நாட்டில் டேவிட்ஸன் கவுண்டியின் தலைநகரான லெக்ஸிங்டன். கோர்ட்டு கூடும் வாரங்களில் வழக்காடிகளும் சாட்சிகளும் கிராமங்களிலிருந்து வந்து குவிவார்கள். முதல் உலக யுத்தம் முடிந்த சமயத்தில் சிட் வீவர் என்பவர் அந்தக் கோர்ட்டுக் கட்டடத்துக்கு அருகே கூடாரம் அடித்துக் கறி விற்கலானார். சிறிது காலத்தில் ஜெஸ் ஸ்வைஸ்குட் என்பவரும் போட்டிக்கு வந்து சேர்ந்தார். அப்பகுதியில் குடியேறிய ஜெர்மானியர்களுக்குத் தோள்பட்டைக் கறியில் இருந்த பழைய பிரியமே இதற்கு மூலகாரணம் என்று சிலர் வாதிக்கிறார்கள். இருக்கலாம், ஆயினும், கூடாரத்தில் வியாபாரம் செய்பவனுக்கு முழுப் பன்றியைக் காட்டிலும் தோள்பட்டை சௌகரியமானது என்ற எளிய காரணமே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது. ஸ்வைஸ்குட்டிடம் தொழில் பழகிய வார்னர் ஸ்டேமி, 1938-இல் அவருடைய கடையையே விலைக்கு வாங்கினார். ஸ்டேமியிடம் பழகிய வெய்ன் மங்க் 1962-இல் லெக்ஸிங்டனில் தமது கடையைத் திறந்தார். இப்படிக் குரு சிஷ்ய பரம்பரையாகவே இந்த வித்தை வளர்ந்தது.

வித்தை என்று சொல்லத் தகுந்த காரணமும் உண்டு. ஓயாது உழைக்கும் தசையாதலால் தோள்பட்டையில் இணைப்புத் திசு மிகுதி. அவசரப்பட்டு வேகவைத்தால் தோலை மெல்லுவது போலிருக்கும். ஹிக்கரி மரத்தையோ ஓக் மரத்தையோ தனியே எரித்துத் தணலாக்கி, அதைச் செங்கல் அடுப்பின் அடியில் சிறிது சிறிதாகப் பரப்பி, ஒன்பது பத்து மணி நேரம் மிதமான உஷ்ணத்தில் வைத்தால், அத்திசு மெல்லக் கரைந்து ஜெலட்டினாகி விடுகிறது. தசைகளுக்கிடையே ஓடும் கொழுப்பு உருகிக் கறியை உலரவிடாமல் காப்பதோடு, தணலில் சொட்டிப் புகையாகித் திரும்பவும் கறியிலேயே படிகிறது.

இவ்வளவு சிரமமான காரியம் வீட்டுக் கொல்லைக்கு வந்ததற்கு ஒரு தகர வேலைக்காரரின் யுக்தி பெரிதும் உதவிற்று. சிகாகோவில் வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், நீரில் மிதக்கவிடும் உலோக மிதவைகளின் பாதிக் கோளத்தை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் அமைத்து, 1952-இல் மூடி போட்ட கரியடுப்பை உருவாக்கினார். காற்றுத் துவாரங்களைத் திறந்து மூடியே உஷ்ணத்தை அடக்கலாம் என்றானபின், குழியும் தேவையில்லை, ஊரும் தேவையில்லை. நான்கு பேர் உள்ள குடும்பம் ஒரு தோள்பட்டையை வாங்கினால் போதும். ஆனால் காலம் மட்டும் குறையவில்லை. கறியின் உட்சூடு சுமார் 65 முதல் 70 டிகிரி செல்சியஸை எட்டியதும், மேற்பரப்பு ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால், பல மணி நேரம் உஷ்ணமானி அசையாமல் நின்றுவிடும். அப்போது பொறுமையிழந்து கரியை அள்ளிக் கொட்டிக் கறியைக் கெடுத்துக்கொள்பவர்கள் அநேகர். பொறுத்திருப்பவர்களுக்கோ, உட்சூடு 90 டிகிரியைத் தாண்டிச் சிறிது ஏறியதும், தோளெலும்பு இழுத்த மாத்திரத்தில் கழன்று கையோடு வரும்.

அதற்குமேல் வீட்டுக்காரர்கள் கறியை விரலாலோ முள்கரண்டியாலோ நாராகப் பிய்த்து, சீசாவில் விற்கும் தித்திப்புக் குழம்பைத் தாராளமாக ஊற்றி விடுகிறார்கள். லெக்ஸிங்டனில் அதைக் கத்தியால் கொத்தி, வினிகரில் சிறிது தக்காளி கெச்சப்பும் மிளகாயும் சேர்த்த நீர்த்த சாற்றை அளவோடு தெளித்துத் தருவார்கள். கீழ்த்திசைக்காரர்களுக்கு அந்தச் சிறிது கெச்சப்பே பெரும் அபசாரம்.