கருவி செய்த பேராசிரியர்

ஆய்வுகூடம் ஒன்றை அமைப்பதற்குப் பொருள் வேண்டும், கருவிகள் வேண்டும். அவற்றோடு, கருவியை உள்ளும் புறமும் அறிந்த கையும் வேண்டும் என்பதற்கு வில்லியம் ஹென்றி பிராக் என்னும் பௌதிகப் பேராசிரியரின் வரலாறு சான்று பகர்கின்றது.

1886இல் அவர் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. மாணவரின் செய்முறைப் பயிற்சிக்கு வேண்டிய கருவிகள் அங்கே மிகக் குறைவு. பேராசிரியர் மனந் தளர்ந்தாரல்லர். கருவி செய்யும் தொழிலகம் ஒன்றிலே பயிலுநராகச் சேர்ந்து தொழில் கற்றார்; வேண்டியவற்றைத் தம் கையாலேயே ஆக்கிக்கொண்டார்.

அக்கைத்திறன் பெரும்பயன் விளைத்த காலம் பின்னர் வந்தது. 1912இல் மியூனிக் நகரில், லௌவே என்னும் அறிஞரின் கருத்துப்படி, எக்ஸ்-கதிர்கள் பளிங்கொன்றினூடாகச் செலுத்தப்பட்டன. ஒளிப்படத் தகட்டில் ஒழுங்கான புள்ளிகள் பதிந்தன. அவை கதிர்கள் சென்ற திசையைக் காட்டின. ஆயினும் கதிரின் வலிமையைச் செவ்வையாக அளத்தற்கு வேறோர் உணர்கருவி வேண்டியிருந்தது.

அக்காலத்தில் இலீட்ஸ் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பிராக், ஜென்கின்சன் என்னும் கருவி வினைஞரின் துணையோடு எக்ஸ்-கதிர்த் திருசியமானியை அமைத்தார். கதிர்க்குழாய் ஈயப் பெட்டியினுள் வைக்கப்பட்டது; வழிதவறிய கதிர்கள் உணர்கருவியை அடைந்தால் அளவு பொய்த்துவிடுமன்றோ! ஒடுங்கிய பிளவுகளினூடாக வந்த கதிர், சுழலும் மேடைமீதிருந்த பளிங்கிற் பட்டுத் தெறித்து, அயனாக்க அறையைச் சென்றடைந்தது. அவ்வறையிற் கந்தகவீரொட்சைட்டு வாயு நிரப்பப்பட்டிருந்தது. காற்றிலும் பார்க்க அது கதிரை மிகுதியாக உறிஞ்சுமாதலின், மெலிந்த கதிரும் அளக்கத்தக்க மின்னை உண்டாக்கிற்று. அதனைப் பொன்னிலை மின்காட்டியின் அசைவு அறிவித்தது. கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஒவ்வோர் அளவையும் குறிப்பதற்குப் பொறுமை வேண்டியிருந்தது.

தந்தையின் அளவீடும் மைந்தர் லோரன்ஸின் கணிப்பும் ஒன்றுசேர்ந்தன. 1913இல் உப்பின் அமைப்பும் வைரத்தின் அமைப்பும் புலனாயின. உப்பிலே சோடியம் ஒவ்வொன்றையும் ஆறு குளோரீன்கள் சூழ்ந்திருக்கின்றன. வைரத்திலே காபன் அணு ஒவ்வொன்றும் வேறு நான்கு அணுக்களோடு பிணைந்திருக்கின்றது. நாள்தோறும் உணவில் இடும் உப்பின் உள்ளமைப்பை மனிதர் அன்றுதான் அறிந்தனர்.

1915இல் தந்தையும் மைந்தரும் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். மைந்தருக்கு அப்போது வயது 25. அடிலெயிட்டில் வெறுமையாய்க் கிடந்த ஆய்வுகூடத்தை நிரப்புதற்காக ஓர் இளம் பேராசிரியர் கற்ற கைத்தொழில், அணுக்களின் ஒழுங்கையே அளக்கும் கருவியாக முதிர்ந்தது.