பதிவேடும் துப்பாக்கியும்: கீழத்தஞ்சை தரும் பாடம்

அரசு ஒரு மனிதனைப் பற்றி எழுதி வைக்கும் ஏடுகள் பல. பிறப்புப் பதிவேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பட்டா, வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை என அவற்றை அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் நம் பெயர் இடம்பெற வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் பாடுபட்டனர். ஆயின், பெயர் ஏறிவிடக் கூடாதே என்று ஏழை அஞ்சும் ஏடு ஒன்றும் உண்டு. அது காவல் நிலையத்துக் கண்காணிப்புப் பதிவேடு. செல்வாக்குள்ளோர் விரும்பிப் பெயர் ஏற்றிக்கொள்ளும் ஏடு மற்றொன்று. அது துப்பாக்கி உரிமப் பதிவேடு. இவ்விரண்டு ஏடுகளும் காவிரிக் கழனிகளில் உழைத்த நம் மக்களின் வாழ்வில் என்ன செய்தன என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். நம் கல்விக் கழகத்தின் இவ்வெள்ளி விழா மலரில் அவ்வரலாற்றைச் சுருங்க உரைக்க விழைகின்றேன்.

குற்றப் பரம்பரைச் சட்டம்

ஒருவன் செய்த குற்றத்திற்காக அவனைத் தண்டிப்பது நீதி. பிறந்த குலத்திற்காகவே ஒருவனைக் குற்றவாளி எனப் பதிவு செய்தது ஆங்கிலேய ஆட்சி. 1871ஆம் ஆண்டு வட இந்தியாவிற்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திற்கும் வந்து சேர்ந்தது. அறிவிக்கை ஒன்றில் ஒரு சாதியின் பெயர் வெளிவந்தால் போதும். அச்சாதியினரைப் பதிவு செய்து கைரேகை எடுக்கலாம். குறித்த நேரத்தில் அவர்கள் தம் இருப்பை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். ஊர் விட்டு ஊர் செல்லச் சீட்டு வேண்டும். தென்மாவட்டங்களில் மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றும், இரவில் வெளியே தங்கத் தரப்பட்ட சீட்டினை ராத்திரிச் சீட்டு என்றும் வழங்கினர். இவ்வறிவிக்கை செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி எழுப்பக் கூடாது என அச்சட்டமே தடையும் விதித்திருந்தது. இதுவே அதன் கொடுமையின் உச்சம் எனலாம்.

பிரமலைக் கள்ளர், குறவர் முதலிய பல சமூகத்தார் இதனால் துன்புற்றனர். தென்னார்க்காட்டு வேப்பூர்ப் பறையரும் அப்பட்டியலில் வைக்கப்பட்டனர் என்பதை நம்மவர் பலர் இன்று அறியார். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள் மீது காவலர் சுட்டதில் பதினாறு பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. எனினும் 1948ஆம் ஆண்டிலேயே சென்னையில் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயரில் இருந்த ஏடு, தனி மனிதனின் பெயரில் தொடரலாயிற்று. இன்று ஏச்சுச் சொல்லாக வழங்கும் "கேடி" என்பதும், "நோன் டிப்ரடேட்டர்", அதாவது அறியப்பட்ட கொள்ளையன், என்னும் ஆங்கிலக் காவல் துறைத் தொடரின் முதல் எழுத்துகளிலிருந்து வந்ததேயாம். ஏட்டில் எழுதிய சொல் ஊராரின் நாவிலும் ஏறி நிலைத்துவிட்டது.

துப்பாக்கி யாருக்கு?

1878ஆம் ஆண்டு, லிட்டன் பிரபு தலைமை ஆளுநராக இருந்த காலத்தில், ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமமின்றி இந்தியர் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு இருந்தது. இவ்வேற்றுமையைக் கண்டித்த தேசிய இயக்கம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமக்கள் யாவர்க்கும் உண்டு என 1931ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானத்தில் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்கத் திருத்தம் கொண்டுவந்தபோது, அண்ணல் அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எவரும் கட்டுப்பாடின்றிக் கடைவீதியில் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு நிருவாகம் நடைபெற இயலாது என்பது அவர் வாதம். வலியவன் கையில் ஆயுதம் சேர்ந்தால் எளியவன் நிலை என்னவாகும் என்பதைச் சேரிகளின் வரலாறு அறிந்த நாம் எளிதில் உணரலாம்.

காவிரி பிறக்கும் குடகு நாட்டில், கொடவர்க்கு 1861இல் அளிக்கப்பட்ட விலக்கு இன்றும் தொடர்கிறது. அவர்கள் உரிமமின்றியே குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை வைத்துக்கொள்ளலாம். அதே காவிரி கடலோடு கலக்கும் கீழத்தஞ்சையில், மிராசுதாரர் வீட்டில் துப்பாக்கி இருந்தது. பண்ணையாளின் கையில் அரிவாளும் மண்வெட்டியுமே இருந்தன. பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வேண்டும் என்று விண்ணப்பிப்பதற்கு முதலில் பயிர் சொந்தமாக இருக்க வேண்டும் அல்லவா?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் நோக்கத்தக்க பிரிவு ஒன்றுண்டு. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தால் எவர்க்கும் உரிமம் மறுக்கக் கூடாது என அது கூறுகிறது. மேலும், உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத வேண்டும், கேட்டால் பொதுநலன் கருதிய விலக்கு நீங்கலாக அதனைத் தெரிவிக்க வேண்டும், மேல்முறையீடும் உண்டு. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி கேட்டு மறுக்கப்பட்டவனுக்கு இத்தனை பாதுகாப்புகள் உள்ளன. காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் ஏறியவனுக்கு இவை இல்லை.

வெண்மணி

சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் உள்ளாக்கப்பட்ட பண்ணையாட்கள், கன்னட மண்ணிலிருந்து வந்த பி. சீனிவாசராவ் முதலியோரின் வழிகாட்டலில் 1940களில் சங்கம் கண்டனர். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் கிடைத்தது. பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சி மாகாணத்தில் தடை செய்யப்படவே, சங்கத்தில் இருந்த ஒவ்வொருவர் பெயரும் தேடுவோர் பட்டியலுக்குரியதாயிற்று. களப்பால் குப்பு 1948இல் திருச்சிச் சிறையில் இறந்தார். வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950இல் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நேற்றுக் கூலி கேட்டதால் தேடப்பட்டவர்களின் கோரிக்கையில் ஒரு பகுதி, சில ஆண்டுகளிலேயே சட்டமாயிற்று என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் நாகப்பட்டினம் வட்டத்தைச் சேர்ந்த கீழ்வெண்மணியில், நிலக்கிழார்களின் ஆட்கள் துப்பாக்கிகளுடன் புகுந்தனர். அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டதும், செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர மறுத்ததுமே மக்கள் செய்த குற்றம். குண்டுகளுக்கு அஞ்சி ஒரு சிறு குடிசையினுள் ஒதுங்கிய பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக நாற்பத்து நான்கு பேர் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். 1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அவ்வளவு நிலமும் மதிப்பும் உடையோர் தாமே நேரில் வந்து தீயிட்டிருப்பர் என நம்ப இயலவில்லை என்பது தீர்ப்பின் போக்கு. அதே இரவில் நிலக்கிழார் தரப்பில் ஒருவர் இறந்த வழக்கில் தொழிலாளர் தண்டனை அடைந்தனர்.

ஏழைமையே ஐயத்திற்குக் காரணமாகவும், செல்வமே நன்னடத்தைச் சான்றாகவும் கொள்ளப்படுமானால், எந்தப் பதிவேடும் நேர்மையாக எழுதப்பட மாட்டாது. வெண்மணியின் சாம்பல் நமக்குச் சொல்வது இதனையே.

ஒரு கல்விக் கழகம் வென்ற வழக்கு

இவ்விடத்தில் நம் கழகத்தார் அனைவரும் அறிய வேண்டிய வழக்கு ஒன்றைக் கூறுவேன். சென்னையில் மக்கள் கல்விக் கழகம் என்ற அமைப்பு, நம் கழகத்தைப் போலவே சங்கப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு பெற்று, அறிவியல் அரசியல் அறிவைப் பரப்பி வந்தது. 1950 மார்ச் 10ஆம் நாள் மாகாண அரசு அதனைச் சட்ட விரோதமான சங்கம் என அறிவித்தது. அதன் பொதுச் செயலாளர் வி. ஜி. ராவ் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீடு செய்தது. 1952 மார்ச் 31ஆம் நாள் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தலைமையிலான உச்ச நீதிமன்றம் அம்மேல்முறையீட்டைத் தள்ளியது. சங்கத்தாருக்கு நேரில் அறிவிக்காமல் அரசிதழில் மட்டும் வெளியிட்டு, நீதிமன்ற விசாரணைக்கும் வழியின்றி, ஆலோசனைக் குழுவின் கருத்தை மட்டும் கொண்டு ஒரு சங்கத்தைத் தடைப் பட்டியலில் வைப்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம். பட்டியலிடும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்று நீதிமன்றம் கூறவில்லை. பட்டியலில் வைக்கப்பட்டவனுக்குச் செய்தி தெரிய வேண்டும், அவன் சொல் கேட்கப்பட வேண்டும் என்றே கூறியது.

உலகின் பிற நாடுகளிலும் இச்சிக்கல் உண்டு. ஆயுதம் வைத்திருத்தலை அரசியல் சட்ட உரிமையாகக் கொண்ட அமெரிக்காவில், அடிமைத் தளை நீங்கிய உடனே, 1865இல் மிசிசிப்பி மாநிலம் கறுப்பினத்தார் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தது. எழுதப்பட்ட உரிமை நிறத்தைப் பார்த்தே வழங்கப்பட்டது. 2016இல் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலில் உள்ளோர்க்குத் துப்பாக்கி விற்கலாகாது என்ற முன்மொழிவுகள் அந்நாட்டு மேலவையில் எழுந்தன, அவை நிறைவேறவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிப்போரிலும் சிலர், பிழை மலிந்த பட்டியலைக் கொண்டு எவருடைய உரிமையையும் பறிக்கலாகாது என்றனர்.

இன்றைய சட்டம்

நம் நாட்டில் 1962ஆம் ஆண்டுக் கரக் சிங் வழக்கில், கண்காணிப்பின் பெயரால் நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுவது செல்லாது என உச்ச நீதிமன்றம் கூறியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என உறுதி செய்தனர். 2024 மே 7ஆம் நாள் வந்த தீர்ப்பு நமக்கு மிக நெருங்கியது. தில்லிக் காவல் துறையின் சரித்திரப் பதிவேடு பற்றிய வழக்கில், பிற்பட்ட சமூகத்தார், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் பெயர்கள் பிறப்பையும் வறுமையையும் மட்டும் கொண்டு எந்திரம் போல் ஏற்றப்படுவதாகக் கூறப்படுவதை நீதிமன்றம் கவனத்தில் கொண்டது. மூத்த அதிகாரி ஒருவர் அவ்வேடுகளை அவ்வப்போது தணிக்கை செய்யும் முறை குறித்தும், தத்தம் நடைமுறையை மறு ஆய்வு செய்வது குறித்தும் எல்லா மாநிலங்களையும் கேட்டுக்கொண்டது.

இன்னொரு விதியையும் நம்மவர் பெரும்பாலோர் அறியார். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் வகுக்கப்பட்ட விதிகளுள் மூன்றாவது விதி, வன்கொடுமை நிகழக்கூடும் என அஞ்சப்படும் பகுதிகளைக் கண்டறியுமாறு மாநில அரசைப் பணிக்கிறது. அப்பகுதிகளில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை நீக்கி ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்கவும், கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யவும், தேவையெனக் கருதினால் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிமம் வழங்கவும் அவ்விதி இடம் தருகிறது. வெண்மணிக்கு முன்னர் இப்படி ஒரு விதி இருந்து, செயல்பட்டும் இருந்தால், அந்தக் குடிசை எரிந்திருக்குமா என எண்ணிப் பாருங்கள்.

இதனைப் படித்துவிட்டு நம் இளைஞர்கள் துப்பாக்கி தேடிச் செல்ல வேண்டும் என்பது என் கருத்தன்று. சேரிக்கொரு துப்பாக்கி வந்தால் ஊருக்கு நூறு வரும். கொலைக்கருவி அச்சுறுத்துவோர் கையிலிருந்து நீங்குவதே நமக்குப் பாதுகாப்பு. அதற்கு இவ்விதியின் முற்பகுதியே போதுமானது. பிற்பகுதி, சட்டத்தின் முன் நாமும் நிகரான குடிமக்களே என்பதற்குச் சான்று.

இளைஞர்க்கு

பள்ளித் தலைமையாசிரியன் என்ற முறையில் நானும் நாள்தோறும் ஒரு பதிவேட்டைக் கையாள்கின்றேன். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு மாணவனின் பிறந்த நாளோ பெயரோ பிழையாக இருந்தால், பெற்றோர் உரிய சான்றுடன் விண்ணப்பிக்கலாம். உரிய அலுவலரின் ஆணை பெற்றுத் திருத்தலாம். சிறு பிள்ளையின் பெயரெழுத்துக்கே இந்த ஒழுங்கு இருக்குமாயின், ஒருவனின் வேலையையும் கடவுச்சீட்டையும் மானத்தையும் தொடும் பதிவேட்டிற்கு அது வேண்டாமா?

ஆகவே நம் இளைஞர்கள் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறி முடிக்கின்றேன். திருவிழாத் தகராற்றிலோ சாலை மறியலிலோ வழக்கு ஒன்று பதிவானால், "போகட்டும்" என விட்டுவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் பெறுங்கள். வழக்கு முடிந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். விடுதலையான பின்னும் பெயர் கண்காணிப்பில் இருப்பது தெரியவந்தால், காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். பயனில்லையேல் இலவசச் சட்ட உதவியுடன் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். நம் கழகப் படிப்பகத்தில் அரசியல் சட்டத்தோடு 1995ஆம் ஆண்டு விதிகளின் நகலும் இருக்க வேண்டும். திங்கள்தோறும் ஒரு மாலை அதனை உரக்கப் படித்துப் பொருள் கூற வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டன்மார், என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே ஏட்டில் கைரேகை வைத்தனர். நம் பிள்ளைகள் எந்த ஏட்டையும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டும். அதற்காகவே நம் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது. இனியும் உழைக்க வேண்டும்.