திராட்சத்தோட்டமும் தேயிலைத்தோட்டமும்: மலையகத்தில் வேதவாசிப்புப் பற்றிய சில சிந்தனைகள்

வேதநூலைத் திறந்த மனத்துடன் பயிலுதல் என்றதும் நூலகமும், கிரேக்க எபிரேய அகராதிகளும், ஜெர்மானியப் பேராசிரியர்களின் தடித்த நூல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அப்புலமையின் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் ஒரு நூலின் பொருளை அது எழுதப்பட்ட காலத்தில் மட்டுமன்றி, அது வாசிக்கப்படும் இடத்திலும் தேடவேண்டியுள்ளது. நுவரெலியா, ஹற்றன், டிக்கோயா முதலிய பகுதிகளுக்குக் கிறிஸ்தவ வேதம் எவ்வாறு வந்து சேர்ந்தது, யாருடைய செலவில் யாருக்கு வாசிக்கப்பட்டது, அவ்வாசிப்பு எவ்வாறு கேள்விக்குள்ளாயிற்று என்பவற்றை இங்கு நோக்க முயல்கின்றோம். மலையகத் தமிழருட் பெரும்பான்மையோர் சைவ, கிராமிய வழிபாட்டு மரபினர், கிறிஸ்தவர் சிறுபான்மையினரே. ஆயினும் அச்சிறுபான்மையினரின் வேதவாசிப்பில் மலையக வரலாற்றின் முரண்பாடுகள் யாவும் தெளிவுறத் தெரிகின்றன.

கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த 1854 இல் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கிற்று. திருச்சபை மிஷனரிச் சங்கத்தினரும் தோட்டத் துரைமாரும் சேர்ந்து நடத்திய அமைப்பு இது. உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து தருவிக்கப்பட்டனர். அவர்களுடைய சம்பளத்திற் பெரும்பகுதி துரைமாரின் நன்கொடையிலிருந்து வந்தது. பெயரே கவனத்திற்குரியது. தமிழிற் கூலி என்பது உழைப்புக்குப் பெறும் ஊதியம். ஆங்கில வழக்கில் அது உழைப்பவனின் பெயராயிற்று. பின்னர் அப்பெயரே ஒரு திருச்சபைப் பணியின் தலைப்பிலும் ஏறிற்று. காலப்போக்கில் 'கூலி' என்ற சொல் நீக்கப்பட்டதாயினும், தொடக்ககால உறவின் தன்மையை அது காட்டிக்கொடுத்து விடுகிறது. தோட்டம் துரையின் ஆட்சிப்பரப்பு. அவருடைய இணக்கமின்றி வெளியார் ஒருவர் லயத்தினுள் கால்வைத்தல் அரிது. அவருடைய பணத்தில் வந்த உபதேசியார் அங்கு எந்த வசனத்தை வாசித்திருப்பார், எதனைப் புரட்டிவிட்டுச் சென்றிருப்பார் என்பதை ஊகிப்பதற்குப் பெரும் ஆராய்ச்சி வேண்டியதில்லை. இதனால் அவ்வுபதேசிமார் அனைவரும் துரைமாரின் கையாட்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. எழுத்தறிவை லயத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் அவர்களும் இருந்தனர். வேதத்தை வாசிக்கக் கற்றவன் உபதேசியார் விட்டுச்சென்ற பக்கங்களையும் வாசிக்கவல்லவன்.

1876 இல் இம்மிஷனை மையமாக வைத்தே இலங்கை அங்கிலிக்கன் திருச்சபையில் பெரும் பூசல் ஒன்று மூண்டது. புதிதாக வந்திருந்த இளம் அத்தியட்சர் றெஜினோல்ட் கொப்பிள்ஸ்டன் தோட்டப்புற ஊழியத்தைத் தமது நேரடி அதிகாரத்தின் கீழ்க் கொண்டுவர முற்பட்டார். மிஷனரிமார் இணங்காதபோது அவர்களது அனுமதிப்பத்திரங்களை மீளப்பெற்றார். இங்கிலாந்தின் திருச்சபைத் தலைவர்களுடைய நடுவத் தீர்ப்புடன் 1880 இலேயே அது தணிந்தது. வாதாடிய இரு தரப்பாரும் ஆங்கிலேயர். வழக்கின் பொருளாயிருந்தோர் தமிழ்த் தொழிலாளர். இதே கொப்பிள்ஸ்டன் பௌத்தத்தை ஊன்றிக் கற்று, மகதத்திலும் இலங்கையிலும் அது நிலவியவாறு பற்றி 1892 இல் நூலொன்று வெளியிட்டவர். பிறர் வேதத்தைப் பொறுமையுடன் பயிலும் ஆற்றல், தம் ஆளுகைக்குட்பட்ட ஏழைகளின் குரலைக் கேட்கும் ஆற்றலாகத் தானே மாறிவிடுவதில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், தமிழர் 1860 முதல் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்றுகொண்டிருந்த நேற்றாலில், அத்தியட்சர் கொலன்சோவுக்கு நேர்ந்ததை இதனுடன் ஒப்பிடலாம். வேதத்தைச் சூலு மொழியிற் பெயர்ப்பதில் அவருக்குத் துணைநின்ற வில்லியம் ங்கிடி, பெருவெள்ளக் கதை உண்மையில் நிகழ்ந்ததென நம்புகிறீர்களா என வினவினார். அவ்வினாவைக் கொலன்சோ தட்டிக்கழிக்கவில்லை. மோசேயின் ஆகமங்களை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து 1862 முதல் வெளியிடலானார். 1863 இல் சபைத்தலைமை அவரைப் பதவிநீக்கஞ் செய்தது. பின்னர் லங்கலிபலேலே என்ற குடித்தலைவருக்கு 1873, 1874 ஆம் ஆண்டுகளில் இழைக்கப்பட்ட அநீதியை எதிர்த்து எழுந்த வெள்ளையருள்ளும் அவரே முதன்மையானவர். பழங்குடி மாணவனொருவனின் கேள்விக்குச் செவிசாய்த்தவர் அவனுடைய இனத்தின் முறைப்பாட்டுக்கும் செவிசாய்த்தார் என்பது தற்செயலன்று.

மலையகத்திற் கேள்வி எழவேண்டிய இடம் பெருவெள்ளமன்று. 'எஜமான்' என்ற சொல். எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில், எஜமானருக்குக் கீழ்ப்படியுமாறு ஒரு சாராருக்கு அறிவுரை கூறப்படுகிறது. கிரேக்க மூலத்தில் அவர்கள் அடிமைகள். உரோமப் பேரரசில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர். 1871 இல் வெளிவந்து சீர்திருத்தத் திருச்சபைகளில் நிலைபெற்ற தமிழ் வேதாகமமோ அவர்களை 'வேலைக்காரர்' என விளிக்கின்றது. ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பும் இத்தகையதே. ஆகவே இதிற் சூழ்ச்சி இருந்ததென நாம் கருதவில்லை. ஆனால் விளைவு யாது? அடிமையமைப்பு என்ற குறிப்பிட்ட வரலாற்று நிறுவனத்தினுள் எழுந்த அறிவுரை, கூலிக்கு உழைக்கும் எல்லா மனிதருக்கும் எக்காலத்துக்கும் உரிய கட்டளையாக ஒலிக்கலாயிற்று. துரையையும் கங்காணியையும் எதிர்நோக்கி நிற்கும் தொழிலாளிக்கு அச்சொல் நேரே தன்னைச் சுட்டுவதாகவே தோன்றும். வசனம் பிழையற்றது எனக் கொள்வோர், எம்மொழியில், யார் பெயர்த்த வசனம் என்று முதலில் விடைகூற வேண்டும். பேர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் சைவப் பெருமகனாகிய ஆறுமுக நாவலர் என்பதையும் இங்கு நினைவுகூரலாம். தமிழ்க் கிறிஸ்தவரின் வேதம் பல கைகள் பட்ட நூல். அதனை அறிந்துகொள்வதால் விசுவாசம் குன்றுமாயின் அது மிக மெலிந்த விசுவாசமே.

மத்தேயு சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்திலுள்ள திராட்சத்தோட்ட உவமை இதனிலும் சுவையானது. தமிழ் மொழிபெயர்ப்பில் அங்கும் 'தோட்டம்' என்ற சொல்லே நிற்கிறது. விடியலில் ஆளெடுத்தல், நாட்கூலி பேசுதல், மாலையிற் கணக்குத் தீர்த்தல் ஆகிய யாவும் பிரட்டுக்களத்தையும் செக்ரோலையும் அறிந்தவனுக்கு விளக்கவுரை வேண்டாதவை. கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுநாட் கூலி கொடுக்கப்படுவதை இறையருளின் உருவகமாகவே பிரசங்கிமார் விளக்கிவந்தனர். நிறை குறைந்ததென்று 'அரைப்பேர்' போடப்பட்டு, அரைநாட் கூலியுடன் லயத்துக்குத் திரும்பிய கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இவ்வுவமை முதலில் அருளைப் பற்றியதன்று, கூலியைப் பற்றியது. ஒரு நாள் வாழ்வதற்கு வேண்டியது யாவர்க்கும் கிடைக்கவேண்டும் என்றே அவள் அதனைப் பொருள்கொள்ளல் கூடும்.

ஆனால் அதே உவமையில் முறையிட்ட தொழிலாளியிடம், என்னுடையதை என் விருப்பப்படி செய்ய எனக்கு உரிமை இல்லையா என்ற கருத்துப்பட உடைமையாளன் பேசுகிறான். இக்குரலைத் தோட்டத்து மனிதன் நன்கறிவான். துண்டு முறையாற் கடனிற் கட்டுண்டு, ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்குக் கைமாறிய மக்களின் சந்ததி அது. அம்முறை 1921 இற்றான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அவ்வுடைமையாளன் கடவுளின் உருவமல்லன், சுரண்டுவோனின் உருவமே என வில்லியம் ஹேர்சொக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994 இல் எழுதினார். நாம் அதனை முற்றாக ஏற்க வேண்டியதில்லை. முடிவிலுள்ள தாராளத்தை அவ்விளக்கம் எளிதிற் கடந்துவிடுகிறது. எனினும் இரு வாசிப்புகளையும் ஒருங்கே மனத்திற் கொண்டிருப்பதே நேர்மையான பயிற்சி.

கத்தோலிக்கரிடையே இத்தகைய பயிற்சிக்கு வாயில் திறந்தது 1965 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றி வெளியிட்ட ஏட்டின் பின்னரே. மலையகத்தைப் பொறுத்தவரை யேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் 1972 இற் கண்டியில் நிறுவிய சத்தியோதய நிலையம் முக்கியமானது. தோட்ட மக்களின் கூலி, குடியுரிமை, இருப்பிடம் பற்றிய ஆய்வும் செயலும் அங்கு ஒன்றாயின. 1958 இல் தோன்றிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை மார்க்சியரோடும் பிறமதத்தவரோடும் சேர்ந்தியங்கிற்று.

இங்கு முற்போக்கு வாசகர்களாகிய நாமும் சற்று நிதானித்தல் வேண்டும். விடுதலை இறையியலாளர் பெரிதும் போற்றுவது யாத்திராகமம். லத்தீன் அமெரிக்காவில் அது ஒடுக்கப்பட்டோரின் எழுச்சிப் பாடமாயிற்று. அதனை அப்படியே மலையகத்துக்குப் பெயர்த்து நடலாமா? 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென 1964 அக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் முடிவுசெய்தது. அம்மக்களின் கருத்து கேட்கப்படவில்லை. புறப்பட்டுப் போதல் இவர்களுக்கு விடுதலையன்று. தலைமுறை தலைமுறையாக உழைத்துப் பண்படுத்திய மண்ணிலிருந்து பெயர்த்தெறியப்படுதல். பார்வோன் இஸ்ரவேலரைப் போகவிட மறுத்தான். இங்கோ அரசுகள் இரண்டு கூடிப் போகச் சொல்லின. ஆகவே மலையகத்தான் யாத்திராகமத்தைத் தலைகீழாக வாசிக்க நேர்கிறது: இருக்கும் உரிமையே அவனுக்கு விடுதலை. வெளியிலிருந்து வந்த புரட்சிகர வாய்பாடும் துரை காலத்துப் பிரசங்கத்தைப் போலவே அவனுடைய குரலை மூடிவிடல் கூடும்.

இவ்வாறு கேட்போர் விலைகொடுக்க நேர்ந்ததும் உண்டு. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய, நற்கருணை வழிபாடு இத்தனை நூற்றாண்டு நடந்தும் கிறிஸ்தவ சமுதாயங்களிற் சுரண்டல் ஏன் மாறவில்லை என்று 1970களில் எழுப்பிய வினா எந்தத் தேயிலைத் தோட்ட ஆலயத்துக்கும் பொருந்தும். மரியாளும் மானிட விடுதலையும் பற்றி 1990 இல் அவர் எழுதிய நூல், ஜென்மபாவம் முதலிய கோட்பாடுகளை மறுபரிசீலனை செய்தது. 1997 ஜனவரியில் உரோமாபுரி அவரைச் சபைநீக்கஞ் செய்தது. 1998 ஜனவரியில் அத்தடை நீக்கப்பட்டது. அவரது முடிபுகள் யாவும் சரியெனக் கொள்ளாதோரும், தாம் சபையை விட்டு விலக விரும்பவில்லை என்று அவர் கடைசிவரை வற்புறுத்தியதை மறத்தலாகாது. கேட்பவன் வெளியேறுபவன் என்ற எண்ணம் அதிகாரபீடங்களுக்கு வசதியானது.

1995 இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடித் தயாரித்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் எபேசியர் நிருபத்தில் 'அடிமைகளே' என்றே பெயர்க்கிறது. பழைய வேதாகமமும் வழக்கிலிருந்து மறையவில்லை. ஆகவே ஹற்றன் நகரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றும் சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பமொன்றும் ஒரே வசனத்தை வாசித்தால், முன்னையவர் கேட்பது பழைய உரோமின் அடிமையை. பின்னையவர் கேட்பது நாளைக் காலை பிரட்டுக்குப் போகவேண்டிய தம்மை.