நண்பர்க்கு ஆற்றும் நீர்க்கடன்

எம் நண்பரொருவர் காலஞ்சென்று இத்திங்களோடு ஓராண்டு நிறைகின்றது. கரிவலம்வந்தநல்லூரினரான அவர் நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர். யாம் புலவர் பட்டத்திற்குப் பயின்ற காலத்தில், விலைகொடுத்து வாங்கவியலாத நூல்களையெல்லாம் தம் வீட்டுப் பெட்டியினின்றும் எடுத்துத் தந்து, திருப்பித் தரும் நாளையும் கேளாதவர். நூல் பெறச் சென்றோரை உண்ணாமல் அனுப்பார். அவர்தம் மக்கள் நல்லவர்கள். திதி குறைவின்றி நடைபெறும். ஆயினும், மறைந்த நண்பரை நினைத்தற்குத் திதி ஒன்றே அமையுமோ என்னும் வினா எம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அவ்வூர் வரலாறே அதற்கு விடை பகர்தலின், அதனை ஈண்டு வரையத் துணிந்தோம்.

சங்கரன்கோவிலினின்று இராசபாளையம் செல்லும் சாலையில், பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மையும் எழுந்தருளிய தலம் கரிவலம்வந்தநல்லூர். புலவர்கள் திருக்கருவை எனப் பாடுவர். தென்காசிப் பாண்டியர் மரபில், நைடதம் இயற்றிய அதிவீரராம பாண்டியர்க்கு உடன்பிறந்த முறையினராய், 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளங்கிய வரதுங்கராம பாண்டியர்க்கு உரியதாய்ச் சிறந்த ஊர் இது. வரகுணராமர் எனவும் அவரை வழங்குவர். பிரமோத்தர காண்டத்தைத் தமிழில் பாடியவர் அவரே. திருக்கருவை அந்தாதிகள் மூன்றும் அவர் வாக்கென்பாரும், அதிவீரராமர் வாக்கென்பாரும் உளர்.

அப்பாண்டியர்க்கு மகப்பேறு இல்லை. அவர் உயிர்நீத்தபோது பால்வண்ணநாதரே மைந்தர் நிலையில் நின்று இறுதிக்கடன் ஆற்றினர் என்பது அங்கு வழிவழி வரும் செய்தி. அடியவரை ஆண்டவன் தோழராகக் கொள்ளும் மரபு நம் சமயத்தில் உண்டன்றோ? அத்தோழமைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. அவர் உடைமைகள் கோயிலைச் சேர்ந்தன. அவர் அரிதிற் றொகுத்த ஏட்டுச் சுவடிகளும் அவற்றுள் அடங்கும். ஆண்டுதோறும் கோயிலினின்றே அவர்க்குச் சிராத்தமும் நடந்து வந்தது.

இச்செய்திகளைக் கேள்வியுற்று, டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் (1855–1942) பழஞ்சுவடி நாடி அவ்வூர் சென்றனர். நிகழ்ந்ததனைத் தம் ‘என் சரித்திர’த்தில் எழுதியுள்ளனர். சிதைந்து குவிந்து கிடந்த ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இடுதலே ஆகம முறையென்று யாரோ சொல்ல, குழி வெட்டித் தீ வளர்த்து அவ்வாறே ஆகுதி செய்துவிட்டனர் என்பதே அவர்க்குக் கிடைத்த விடை. செய்தவர் பகைவரல்லர், நற்செயலென்று எண்ணியே செய்தனர். மன்னர்க்குத் திதி தவறவில்லை. மன்னர் தேடிவைத்த செல்வமோ சாம்பலாயிற்று.

இனி, அவ்வையரவர்களை ஏடு தேடும் நெறியில் நிறுத்தியவர் யாரென நோக்குவோம். அவர் சேலம் இராமசுவாமி முதலியார். கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த அவரை, அந்நகர்க் கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஐயரவர்கள் 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் முதன்முதல் கண்டனர். தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் முதலியவற்றை ஐயரவர்கள் அடுக்கினர். முதலியாரோ வியந்திலர். சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்னும் பழங்காப்பியங்களைக் கற்றதுண்டோ என வினவினர். வினவியதோடு அமையாது, சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியொன்றையும் தாமே தேடித் தந்தனர். 1885-இல், இந்தியர் குறைகளை ஆங்கில மக்கட்கு எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் அவரும் ஒருவர். அத்துணைப் பொதுப்பணிக்கிடையிலும் நண்பர் மேற்கொண்ட தமிழ்ப்பணியை மறவாது துணை நின்றனர்.

சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. அதனை முதலியார் கண்ணாரக் கண்டனர். 1892-இல் அவர் மறைந்தனர். சிலப்பதிகாரம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. மணிமேகலையோ 1898-இல் வந்தது. கேட்டவர் மறைந்து ஆறாண்டு கழிந்த பின்னும் கேள்விக்கு விடை இறுக்கப்பட்டது. நண்பர்க்கு ஆற்றும் நீர்க்கடன் இதுவென்பது எம் கருத்து.

எம் நண்பர் செய்திக்கு மீள்வோம். அவர் மறைந்த சின்னாளில், வீட்டிற்கு வெள்ளையடிக்க இருத்தலின் நூற்பெட்டியைப் பார்த்துத் தருக என்று அவர் மனையினின்றும் ஆள் வந்தது. பள்ளித் தேர்வைக் காரணங்காட்டி இருமுறை நாள் தள்ளினோம். யாம் சென்றபோது பாதிக்குமேல் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போயிருந்தது. “சித்தப்பா, தாங்கள் வருவீர்களென்று ஒரு மாதம் பார்த்திருந்தோம்” என்றார் மூத்த மைந்தர். அவர்மேல் குற்றமில்லை, குற்றம் எம்முடையதே.

எஞ்சியவற்றுள் ஒரு குறிப்பேடு இருந்தது. எந்நூலை யார் பெற்றனர் என்று அதில் அவர் எழுதி வைத்திருந்தார். எம் பெயர் பதினேழிடத்துக் காணப்பட்டது. திரும்பி வந்ததாகக் குறிப்பில்லாதன ஐந்து. வீடு வந்து தேடினோம். ஐந்தும் எம் அலமாரியிலேயே இருந்தன. கேளாது விட்ட அவர் பெருந்தன்மையால் அவ்வைந்தேனும் பிழைத்தன.

அவற்றை அவர் பெயரால் நம் சங்கப் படிப்பகத்தில் வைக்கின்றோம். நம் குடும்பங்களில் பெரியோர் விட்டுச்சென்ற ஏடு, கையெழுத்துப் பிரதி, பழைய நூல், கடிதம் எவையிருப்பினும், போகித் தீயிலும் எடைக்கடையிலும் இடுதற்கு முன் அறிந்தார் ஒருவரிடம் காட்டுக. ஓலைச்சுவடியாயின், சென்னையிலுள்ள உ. வே. சா. நூல்நிலையம், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றைக் கேட்கலாம். காட்டுமாறு அழைக்கப்பெற்றவர், எம்மைப்போல் நாள் தள்ளாது அன்றே செல்வாராக.

அக்குறிப்பேட்டில் நம் அங்கத்தினர் வேறு சிலர் பெயர்களும் உள. அவற்றை யாம் இங்கு வெளியிடோம். பெற்றவர் நினைவு கூர்ந்து, திதி நாளுக்குள் கொணர்ந்து சேர்ப்பாராக.